பாத்துக்கலாம் சாரின் பேண்ட் பாக்கெட்

ஓசூரில் நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் அவர் குவாலிட்டி செக்‌ஷனுக்கு இன்சார்ஜ். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். அதே பெயரில் எனக்கு ஒரு நல்ல மாமா இருக்கிறார், அவரை எதற்கு இதில் இழுப்பது? செக்‌ஷனில் இருந்த பெண்கள் நாங்கள் வைத்த பெயர் ‘பாத்துக்கலாம் சார்’. எதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். வீட்டில் அவருக்குத் தெலுங்கு, கேட்டில் செக்யூரிட்டியிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். தெலுங்கில் சூதாம் என்பார், கன்னடத்தில் நோடோண என்பார், தமிழில் பாத்துக்கலாம் என்பார். முடியாது என்பதற்கு மட்டும் மூன்று பாஷையிலும் அவருக்கு வார்த்தை தெரியாது.

ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை, யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. வலது கை எப்போதும் பேண்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். ஜிஎம் முன்னால் நிற்கும்போது மட்டும் வெளியே எடுப்பார். அந்தப் பாக்கெட் கொஞ்சம் புடைத்திருக்கும். சாவிக்கொத்து என்று நினைத்திருந்தோம். “சாரு உள்ள முட்டாய் வெச்சிருக்காரு, நமக்குத்தான் தரமாட்டேங்கிறாரு” என்று எங்களுக்குள் கிண்டல் செய்துகொள்வோம்.

எங்கள் வேலை மேசை வேலை. மெஷினிலிருந்து வரும் இரும்புச் சாமான்களில் ஓட்டை சரியான அளவில் விழுந்திருக்கிறதா என்று கேஜ் என்கிற அளவுக் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். கேஜ் உள்ளே போனால் சாமான் நல்லது, போகாவிட்டால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். எங்கள் சிவப்புப் பெட்டி நிறைவதைப் பார்த்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. பின்னாலேயே வந்து நிற்பார். ஒரு சாமானை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “லேசாத்தானம்மா பிடிக்குது. டீவியேஷன் போட்டுக்கலாம்” என்பார். அளவு தவறிய சாமானை, இந்த ஒரு முறை மட்டும் என்று மேலே யாரிடமாவது கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவதற்குப் பெயர் டீவியேஷன். எப்போதாவது ஆபத்துக்கு என்று வைத்திருக்கும் வழி அது. அவர் அதைத் தினசரிச் சோறாக்கிவிட்டார். மெஷின் ஷாப்காரன் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஜிஎம் முகம் சுளிக்கக் கூடாது, கஸ்டமர் திருப்பி அனுப்பினால் அப்போது பாத்துக்கலாம்.

எங்களிடமும் அப்படித்தான். கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்தது என்று சொன்னால் பாத்துக்கலாம். பெண்கள் டாய்லெட்டில் தாழ்ப்பாள் இல்லை என்றாலும் அதே பதில்தான். நான் சேர்ந்த வருஷம் சொன்ன தாழ்ப்பாள், நான் வேலையை விட்டு வரும்வரை வரவில்லை. அதற்குள் நாங்களே ஒரு சணல் கயிறு கட்டிக்கொண்டோம். கெட்டவர் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டோம். ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் தன் செலவில் ஸ்வீட் வாங்குவார். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மொய்க் கவரோடு முதல் ஆளாக வந்து நிற்பார். அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது, ஒரு காரியத்தை நம்பி ஒப்படைக்கவும் முடியாது. வாழைப்பழத்தை வைத்து ஆணி அடிப்பது மாதிரி இருக்கும்.

இரண்டு விஷயங்கள் மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தன. மாடியிலிருக்கும் ஆபீசுக்கு அவர் ஒரே மூச்சில் ஏறிப் பார்த்ததில்லை. பாதிப் படியில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு வாசகங்களைப் படிப்பார். அந்த வாசகங்கள் எங்களுக்கெல்லாம் மனப்பாடம், அவர் மட்டும் தினமும் புதிதாகப் படிப்பார். இன்னொன்று, வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனிக்கு மெடிக்கல் வண்டி வரும். கண், காது, ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு குழாயை வாயில் வைத்து மூச்சை முழுசாக ஊதச் சொல்வார்கள். அந்த நாளன்று அவர் லீவு. கிருஷ்ணகிரியில் பெரியப்பா இறந்துவிட்டார் என்பார். அடுத்த வருஷமும் மெடிக்கல் வண்டி வந்த அன்று கிருஷ்ணகிரியில் ஒரு பெரியப்பா இறந்தார்.

“எத்தன பெரியப்பா சார் உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“பெரிய குடும்பம்மா” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மஞ்சுளா வந்தது அதற்குப் பிறகு. ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவியைச் சேர்ந்தவள். எங்கள் செக்‌ஷனுக்கு டிரெய்னியாக வந்தாள். பாகலூர் ரோட்டில் நான் வாடகைக்கு இருந்த லைன் வீட்டில் என் அறையிலேயே தங்கிக்கொண்டாள். சுறுசுறுப்பான பெண். கேஜை ஓட்டையில் விட்டுத் திருப்பும் வேகத்தில் இரண்டே மாதத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் ஒரு பேச்சு இருந்தது. டிரெய்னிங் முடிந்து கம்பெனியில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டால் அவள் இஷ்டம்போல ஓசூரில் இருக்கலாம். எடுக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, அப்பா காட்டுகிற உரக்கடைக்காரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த ஆளை அவளுக்குப் பிடிக்கவில்லை. “கெட்டவன்லாம் இல்லக்கா. ஆனா எனக்கு வேணாம்” என்பாள். அவளுடைய ஓசூர் வாழ்க்கை மொத்தமும் அந்த டிரெய்னிங்கின் கடைசி நாளை நம்பித்தான் இருந்தது. நடுவில் லீவு போட்டால் எடுக்கமாட்டார்கள் என்று யாரோ சொல்லி வைத்ததால், தலைவலி என்றுகூடச் சொல்லமாட்டாள்.

அந்த மார்கழியில் கம்பெனி பஸ் முழுக்க இருமல். ஓசூர்க் குளிரைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து போனது. என்னிடமிருந்து அவளுக்கு ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் விட்டது, மூக்கு ஒழுகுவதும் நின்றது. இருமல் மட்டும் நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. சிரித்தால் இருமுவாள், பஸ் ஜன்னல் காற்றுப் பட்டால் இருமுவாள். விடியற்காலையில் பக்கத்துப் பாயிலிருந்து சன்னமாக ஒரு விசில் கேட்கும். முதலில் குக்கர் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தேன். அவள் மூச்சு விடும்போது வந்த சத்தம் அது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா” என்றேன்.

“ஒண்ணியும் இல்லக்கா. வெறும் சளி. லீவு போட்டா என்னிய கழிச்சி உட்ருவாங்கோ” என்றாள்.

அவளிடம் பேசிப் பயனில்லை என்று அவரிடம் போனேன்.

“சார், மஞ்சுளாவுக்கு மூச்சு உட்டா விசில் சத்தம் வருது. ரெண்டு நாளு லீவு குடுங்க. டிரெய்னிங்ல அத வெச்சிக் கழிக்காம பாத்துக்குங்க.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. “படுத்தா அதிகமாவுதா? விடிகாலைல?” என்று கேட்டார். சளி என்று யாராவது வந்து சொன்னால் கேட்கிற கேள்வி இல்லை அது. ஆமாம் என்றேன். பாக்கெட்டுக்குள் இருந்த கை ஒரு முறை அசைந்தது. அப்புறம் வழக்கமான சிரிப்பு வந்துவிட்டது.

“எல்லாருக்கும்தானம்மா சளி. வியாழக்கிழம கஸ்டமர் ஆடிட். இப்ப போயி ஆள உட்டா நான் எங்க போறது? ஆடிட் முடியட்டும், பாத்துக்கலாம்.”

ஆடிட் என்றால் சாமான் வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து மூலை முடுக்கெல்லாம் பார்த்துக் குறை எழுதிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு அவர் ஒரு புது மாப்பிள்ளையைப் போல வந்திருந்தார். காலையிலேயே செக்‌ஷனைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கள் மேசைக்கு அருகில் வந்ததும் மஞ்சுளா இருமினாள். அடக்கப் பார்த்து இன்னும் அதிகமாக இருமினாள்.

“ஏம்மா, அவங்க வரப்ப நீ இப்பிடி இருமிட்டு இருந்தா நல்லா இருக்குமா? நீ போயி பேக்கிங் ரூம்ல உக்காந்துக்கோ. அவங்க போனதும் வந்துடு” என்றார்.

பேக்கிங் ரூம் ஒரு சின்ன அறை. அங்கேதான் பெட்டியில் அடைப்பதற்கு முன்னால் சாமான்கள் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் அடிப்பார்கள். மருந்து தெளிப்பதுபோல அந்த எண்ணெய் காற்றில் மிதக்கும். உள்ளே போனால் நல்ல நெஞ்சுக்கே கமறும். புகையை வெளியே இழுக்க ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. அது பல மாதமாகக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எத்தனையோ முறை சொல்லியிருந்தோம், பாத்துக்கலாம். ஆடிட் அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டால் குறை எழுதிவிடுவார்கள் என்று காலையிலேயே அதை நிறுத்திவிட்டார். கதவையும் சாத்தச் சொன்னார். இருமுகிற பெண்ணும் சத்தம் போடுகிற ஃபேனும் அவருக்கு ஒன்றுதான், ஆடிட்டர் கண்ணிலும் காதிலும் படக் கூடாது.

நான் தடுத்திருப்பேன். ஆனால் அவள்தான் என் கையைப் பிடித்து அழுத்தினாள். “ஒரு மணி நேரந்தானக்கா. போயி உக்காந்துக்கறேன்” என்று எழுந்து போனாள்.

ஆடிட்டர்கள் எங்கள் மேசையைத் தாண்டி மெஷின் பக்கம் போனதும், காலிப் பெட்டி எடுக்கிற சாக்கில் பேக்கிங் ரூமுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. எண்ணெய் அடிக்கிற பையன்கள் டீக்குப் போயிருந்தார்கள். மஞ்சுளா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி முன்னால் குனிந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே குழிந்தது. “அக்கா” என்றாள். அடுத்த சொல் வரவில்லை. உதடு வெளுத்திருந்தது. இருமல் நின்றுபோயிருந்தது. இரும அவளிடம் காற்று இல்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவளைக் கைத்தாங்கலாகப் பின்பக்க நடைக்கு இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டுக் கத்தினேன். இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். அவரும் வந்தார். ஒருத்தி மஞ்சுளாவைப் படுக்க வைக்கப் பார்த்தாள்.

“படுக்க வெக்காதீங்க. உக்கார உடுங்க. முன்னாடி சாஞ்சிக்கட்டும்” என்றார் அவர். அவர் குரலில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது. போன கை அங்கேயே நின்றது. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். மஞ்சுளா தரையைப் பார்த்துக்கொண்டு காற்றுக்காகத் தவித்துக்கொண்டிருந்தாள். அவர் பாக்கெட்டில் கையை விட்டபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் இழுத்த ஒவ்வொரு மூச்சையும் நான் கேட்டேன், அவரும் கேட்டார்.

“நீ போயி வண்டி சொல்லு. நீ தண்ணி கொண்டா. நீ கேட்டுல போயி சொல்லு” என்று எங்கள் மூவரையும் விரட்டினார்.

நான் கேட்டுக்கு ஓடினேன். செக்யூரிட்டி, அத்திப்பள்ளிப் பக்கத்து ஆள், கையை விரித்தார். “பாஸ் இல்தே பிடோக்காகல்ல மேடம். சார் சைன் வேணும்” என்றார், பாஸ் இல்லாமல் விட முடியாதாம். ஒரு பெண் மூச்சுக்குத் தவிக்கும்போது கேட் திறக்க அந்தச் சாருடைய கையெழுத்து. பாஸ் தாளைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப ஓடி வந்தேன்.

அவர் தரையில் மண்டியிட்டிருந்தார். மஞ்சுளாவின் வாயில் ஒரு நீல நிற இன்ஹேலர். “நான் அமுக்கறப்ப இழு. இழுத்து உள்ளயே வெச்சிக்கோ. அவ்ளோதான், இன்னொண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் செய்த கைக்குப் பழக்கம் இருந்தது. பிறகு அதன் வாயைக் கைக்குட்டையால் துடைத்து மூடினார். நிமிர்ந்தபோதுதான் என்னைப் பார்த்தார்.

“ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்ல இருந்துச்சும்மா” என்றார்.

அந்தப் பெட்டியைத் துடைத்து வைப்பது என் வேலை. உள்ளே பஞ்சும் காலாவதியான ஒரு களிம்பும்தான் உண்டு. பாஸை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். மஞ்சுளாவின் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. படிக்கட்டில் வாசகம் படித்ததும், வருஷா வருஷம் செத்த பெரியப்பாக்களும் வண்டியில் போகும்போது எனக்கு ஒவ்வொன்றாக விளங்கின. எனக்கு வந்தது இரக்கமில்லை, அருவருப்பு. இழுப்பு இருப்பது குற்றமா என்ன? மூச்சுக்குழல் சுருங்கினால் எப்படி இருக்கும் என்று அந்தக் கம்பெனியில் தெரிந்த ஒரே ஆள் அவர். அந்த ஆள்தான் அவளை அந்த அறைக்குள் அனுப்பி ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்தியவர். மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்க்க ஆள் இல்லாத நேரத்துக்குக் காத்து நின்றவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் மஞ்சுளா முழு வாக்கியம் பேசினாள். டாக்டர் ஒரு இளம் பெண். பொறுமையாகச் சொன்னார்.

“வைரஸ் சளி போயிடுச்சு. ஆனா அது மூச்சுக்குழல உள்பக்கம் புண்ணாக்கி வீங்க வெச்சிட்டுப் போயிருக்கு. அப்பிடி இருக்கறப்ப தூசு, புக, எண்ணெ எது பட்டாலும் சுருங்கிக்கும். இன்னும் கொஞ்ச வாரம் மருந்து எடுக்கட்டும், சரியாயிடும். இதுக்கு முன்னாடி இப்பிடி வந்ததே இல்லங்கறீங்க, அதனால இப்பவே ஆஸ்துமான்னு சொல்ல மாட்டேன். அங்க பஃப் குடுத்தது யாரு? நல்ல வேல பண்ணியிருக்கு.”

“எங்க சார்” என்றேன். அந்த ஒரு விஷயத்தில் என்னால் அவருக்கு எதிராகப் பேச முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்த வாரம் மஞ்சுளா வேலைக்குப் போனபோது கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். எச்ஆரில் இருந்த பெண்மணியிடம் போய்க் கேட்டேன்.

“அவளுக்கு முன்னாடியே வீசிங் இருந்திருக்கு. மறைச்சிட்டு சேந்திருக்கா. இனிமே எதுனா ஆச்சுன்னா கம்பெனிக்குப் பிரச்சன. உங்க சார்தான் சொன்னாரு” என்றார்.

கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு நேரம் ஆகவில்லை. ஃபேனை நிறுத்தியது வெளியே வந்தால் அவர் தலை உருளும். அதனால் குறை ஃபேனில் இல்லை, அறையில் இல்லை, அவள் நெஞ்சில்தான் என்று சொல்லிவிட்டார். எத்தனையோ பெட்டி கெட்ட சாமானுக்கு டீவியேஷன் போட்ட மனிதருக்கு, ஒரு நல்ல பெண்ணுக்குப் போடக் கை வரவில்லை. ஆடிட்டுக்கு மறுநாளே அந்த ஃபேனைச் சத்தமில்லாமல் மாற்றியும் விட்டார்கள். அது இப்போது பூனைபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.

வண்டி நிறுத்துகிற இடத்தில் அவரைப் பிடித்தேன்.

“சார், பாக்கெட்ல வெச்சிருக்கறது என்னான்னு எனக்குத் தெரியும். மஞ்சுளா எதையும் மறைக்கல, மறைச்சது நீங்க. எச்ஆர்ல போயி உண்மையச் சொல்லுங்க. டாக்டரம்மா சரியாயிடும்னு சொல்லியிருக்காங்க.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “மெதுவாப் பேசும்மா. என் பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம். அப்பனுக்கு இழுப்புன்னு தெரிஞ்சா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவாங்க. எங்க ஊட்ல மூணு பேருக்குத் தவிர யாருக்கும் தெரியாது.”

“மஞ்சுளாவும் ஒருத்தர் பெத்த பொண்ணுதான சார்.”

தலையைக் குனிந்துகொண்டார். “சரிம்மா. நீ சொல்றது நியாயம். நான் பேசறேன். திங்கக்கிழம பாத்துக்கலாம்.”

கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து நான் நம்பித் தொலைத்தேன். திங்கட்கிழமை போனது. அடுத்த திங்கட்கிழமையும் போனது. கேட்டபோதெல்லாம் ஜிஎம் ஊரில் இல்லை, எச்ஆர் மேடம் லீவு, நல்ல நேரம் பார்த்துச் சொல்லணும். மஞ்சுளாவின் டிரெய்னிங் முடிய வேண்டிய நாளும் தாண்டிவிட்டது. அவள் அப்பா வந்து அவளுடைய டிரங்குப் பெட்டியையும் பாயையும் தூக்கிக்கொண்டு அவளை ஊத்தங்கரை பஸ்ஸில் ஏற்றினார்.

பஸ் கிளம்புவதற்குள் அவளிடம் சொன்னேன், உன்னை வேலையிலிருந்து நிறுத்தியது சார்தான் என்று. அவள் நம்பவில்லை.

“போக்கா. அவரு யாருக்குமே இல்லன்னு சொல்லமாட்டாரே. அவருதான என் உசுரக் காப்பாத்துனாரு” என்றாள்.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் நடக்கும் மீட்டிங்கில், எல்லாரும் வட்டமாக நிற்கும்போது, நான் வாயைத் திறந்தேன். எங்கள் செக்‌ஷன், மெஷின் ஷாப், மாடியிலிருந்து வந்த இரண்டு ஆபீசர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஃபேனைப் பற்றிச் சொன்னேன், கதவைப் பற்றிச் சொன்னேன், பாக்கெட்டில் இருக்கும் இன்ஹேலரைப் பற்றியும் சொன்னேன். “வீசிங் இருந்தா வேல இல்லன்னா, மொதல்ல சார் வூட்டுக்குப் போகட்டும்” என்றேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள்.

“அவர் சீனியர் ஸ்டாஃப். ஒருத்தர் உடம்பப் பத்தி நாலு பேரு முன்னாடி பேசறது நாகரிகமாம்மா?” என்றார் எச்ஆர் பெண்மணி.

“மஞ்சுளா உடம்பப் பத்தி பேசினீங்களே மேடம்.”

“அவ டிரெய்னி” என்றார்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அவருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? கீழேயே ஒரு அறை. படி ஏற வேண்டாம் என்று மேசையை இறக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். வந்த வரனும் ஒன்றும் ஓடிப்போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் இழுப்பாம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இன்ஹேலர் மேசைமேல், பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பகிரங்கமாக நிற்கிறது. வேண்டும்போது எடுத்துக் குலுக்கி எல்லார் முன்னாலும் இழுத்துக்கொள்கிறார். ஒரு நாள் என்னை நிறுத்தினார்.

“நீ அன்னிக்கு சொன்னது நல்லதாப் போச்சும்மா. இத்தன வருஷம் பயந்து பயந்து இருந்தேன். இப்பத்தான் நிம்மதியா மூச்சு உடறேன். உனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்” என்றார்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மனதாரச் சொன்னார். அவர் இழுக்கிற மூச்சு வேறொருத்தி விட்டுப்போனது என்கிற நினைப்பு அந்த முகத்தில் துளிகூட இல்லை.

வைகாசியில் மஞ்சுளாவின் போன் வந்தது. எங்கோ மேட்டில் நடந்துகொண்டே பேசினாள். நான் அவள் பேச்சைவிட மூச்சைத்தான் கவனித்தேன். சீராக இருந்தது. “மருந்தெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சுக்கா. இருமலே இல்ல” என்றாள். பிறகு, “அதே உரக்கடக்காரருதான். அப்பா சொன்னதுதான் நடந்துச்சு. உடுக்கா” என்றாள். கல்யாணத்துக்கு வரச் சொன்னாள். “சாரயும் கூட்டிட்டு வாக்கா. அப்பா அவர நேர்ல பாக்கணும்ங்கிறாரு.”

அவரிடம் சொன்னேன். வரமாட்டார், வர முகம் இருக்காது என்று நினைத்தேன். மொய்க் கவரோடு எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்.

கல்லாவியில் மண்டபம் நிறையக் கூட்டம். மஞ்சுளாவின் அப்பா அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார். முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு சால்வையை எடுத்து வந்து அவர் தோளில் போட்டு, “எம் பொண்ணோட உசுரக் குடுத்த சாமி” என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். பாத்துக்கலாம் சார் கையெடுத்துக் கும்பிட்டார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அதுவும் இல்லை. என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. மஞ்சுளாவுக்காக உட்கார்ந்திருந்தேன்.

ஓமம் வளர்த்தார்கள். சுள்ளி ஈரம் போல, புகை குப்பென்று கிளம்பி மேடையை மூடிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தது. அவர் இருமத் தொடங்கினார். சால்வையை ஒதுக்கி, இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி இழுத்தார். போதவில்லை, மறுபடி இழுத்தார். மஞ்சுளாவின் அப்பா பதறி ஓடிவந்து, “சாருக்குக் காத்து உடுங்கப்பா, ஒத்துங்க” என்று துண்டால் விசிறினார். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவரை வெளியே காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துப் போனார்கள்.

நான் மேடையைப் பார்த்தேன். அந்தப் புகைக்கு நடுவில் மஞ்சுளா தலை குனிந்து உட்கார்ந்து, ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாலி ஏறும்வரை அவள் ஒரு தடவைகூட இருமவில்லை.